டி480: காலியாக இருக்கும் சின்ன ஸ்லாட்டில் எந்த எஸ்எஸ்டி போகும்?

பொருநை88 கேட்டது:
லெனோவோ திங்க்பேட் டி480, ரீஃபர்பிஷ்டு. ஐ5-8350யூ, 16 ஜிபி ரேம். உள்ளே 256 ஜிபி என்விஎம்ஈ (வேகமான வகை) எஸ்எஸ்டி ஒன்று, அதில் விண்டோஸ் 11. அடி மூடியைத் திறந்தால் வைஃபை கார்டு தவிர இன்னொரு சின்ன எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறது. அதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு உபுண்டுவைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் டிஸ்க்கைத் தொடக்கூடாது. கடையில் "எம்.2 என்றால் எல்லாம் ஒன்றுதான், எது வேண்டுமானாலும் போடலாம்" என்கிறார்கள். சரியா? சாதாரண 1 டிபி 2280 போகுமா?

திருகாணி:
சரியில்லை. எம்.2 என்பது வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். வாங்கும் முன் நீளம், வெட்டு, உள்ளே ஓடும் வழி என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்த ஸ்லாட்டில் மூன்றுமே வில்லங்கம்.

அது சிம் கார்டு போட்டு நெட் எடுக்கும் டபிள்யூவான் கார்டுக்காக வைத்த இடம். அதனால் 2242 அளவுதான் உட்காரும், அதாவது 22 மிமீ அகலம், 42 மிமீ நீளம். கடையில் அடுக்கி வைத்திருக்கும் 2280 எல்லாம் 80 மிமீ. திருகு போடும் இடத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது வெட்டு, அதாவது பின் வரிசையில் இருக்கும் பள்ளம். அது இருக்கும் இடத்தை வைத்துத்தான் பி-கீ, எம்-கீ என்ற பெயர். இந்த ஸ்லாட் பி-கீ. இன்று விற்கும் என்விஎம்ஈ பெரும்பாலும் எம்-கீ, பின் வரிசையில் ஒரே ஒரு வெட்டுதான் இருக்கும். அது இங்கே நுழையவே நுழையாது. அழுத்தினால் ஸ்லாட் உடையும். உங்களுக்கு வேண்டியது இரண்டு பக்கமும் வெட்டு உள்ள பி+எம் கீ. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் 6 பின், மறு ஓரத்தில் 5 பின், நடுவே மீதி என்று மூன்று துண்டாகத் தெரிய வேண்டும்.

பணம் போவது மூன்றாவதில்தான். 2242-இல் பி+எம் கீ என்று தேடினால் வருவதில் நிறைய சாட்டா, அதாவது பழைய, மெதுவான வழியில் பேசும் எஸ்எஸ்டி. அழகாக உள்ளே போகும், திருகும் மாட்டும், ஆனால் மெஷின் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. டி480-இன் இந்த ஸ்லாட்டுக்கு வருவது பிசிஐஇ 3.0 (என்விஎம்ஈ ஓடும் வழி), இரண்டு லேன், அதாவது இரண்டு தடம். சாட்டா இல்லை. ஆகவே 2242, பி+எம் கீ, என்விஎம்ஈ மூன்றும் ஒரே பொருளில் இருக்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்520-இன் 2242 வகை அப்படிப்பட்டது. 128, 256, 512 ஜிபி உண்டு; அதற்கு மேல் இல்லை. தோஷிபா ஆர்சி100-உம் பொருந்தும், ஆனால் பழைய சரக்கு. எஸ்என்530 என்று கொடுத்தால் வாங்காதீர்கள், பெயர்தான் பக்கத்தில் இருக்கிறது, அது எம்-கீ.

இவை பெரும்பாலும் வேறு லேப்டாப்பில் இருந்து கழற்றியவையாகத்தான் கிடைக்கும். வந்ததும் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஹெல்த் சதவீதம், ஓடிய மணி நேரம், மொத்தம் எழுதிய அளவு மூன்றையும் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.

மெய்யெழுத்து:
கொஞ்சம் குறுக்கே வருகிறேன். இடம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் இந்தச் சின்ன ஸ்லாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரிய இடத்தில் இருக்கும் 256-ஐ எடுத்துவிட்டு 1 டிபி 2280 போடுவதுதான் ஜிபி கணக்கில் மலிவு. அங்கேயும் இரண்டு லேன்தான், வினாடிக்கு 1,700 எம்பி சுற்றி நின்றுவிடும். பெட்டியில் 7,000 என்று போட்ட ஜென் 4 டிரைவுக்குக் காசு கொடுப்பது வீண். அந்தக் காசை டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) ஃபிளாஷ் உள்ளதற்குக் கொடுங்கள். 1 டிபி டிஎல்சிக்கு 600 டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற உத்தரவாத அளவு) என்பது சாதாரணம். க்ரூஷியல் பி3 மாதிரி கியூஎல்சிக்கு (ஒரு செல்லில் நான்கு பிட்) 220தான்.

ஆனால் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸுக்குத் தனி டிஸ்க் என்றால் திருகாணி சொன்ன வழிதான் சரி. ஒன்று கெட்டாலும் மற்றது பூட் ஆகும்.

கம்பிவேலி:
மாட்டும் முறையை நான் சொல்கிறேன். டி480-க்கு இரண்டு பேட்டரி. வெளியே இருப்பதைக் கழற்றினால் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துக் கை வைப்பவர்கள் அதிகம். உள்ளே இன்னொன்று உயிரோடு இருக்கும்.

விண்டோஸில் முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (மெஷினை முழுதாக அணையவிடாத வசதி) அணைத்துவிடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) ஓடினால் அதை சஸ்பெண்ட் செய்து, 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து எஃப்1 அழுத்தினால் பயாஸ் அமைப்புத் திரை வரும். கான்ஃபிக், அதற்குள் பவர், அதில் "டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி". யெஸ் கொடுத்ததும் மெஷின் தானே அணையும். சார்ஜரைத் திரும்பச் செருகும் வரை உள் பேட்டரி உறங்கும், அதனால் வேலை முடியும்வரை சார்ஜர் பக்கம் போகாதீர்கள்.

பின் பேட்டரியை எடுத்துவிட்டு அடி மூடியின் 6 திருகையும் தளர்த்துங்கள். அவை மூடியோடு ஒட்டியே நிற்கும் வகை. முழுதாக வெளியே வரவில்லையே என்று இழுக்க வேண்டாம். விளிம்பில் பிளாஸ்டிக் கார்டை விட்டு, க்ளிப் ஒவ்வொன்றாக "டக்" என்று விடும்வரை சுற்றி வாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மூடியின் ஓரம் நசுங்கும்.

எஸ்எஸ்டியைப் படுக்க வைத்துத் தள்ளக்கூடாது. 20, 30 டிகிரி சாய்வில் செருகி, தங்கநிறப் பின் கிட்டத்தட்ட மறையும்வரை அழுத்துங்கள். கையை எடுத்தால் மறுமுனை தானே மேலே எழும்பி நிற்கும். அப்படி நின்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கீழே அமுக்கி எம்2 அளவு, 3 மிமீ நீளத் தட்டைத்தலைத் திருகு ஒன்று. பழைய மெஷினில் அந்தத் திருகு காணாமல் போயிருக்கும், எஸ்எஸ்டியோடு கேட்டு வாங்கிவிடுங்கள். அங்கே டபிள்யூவான் ஆன்டெனா வயர் தொங்கினால் அதன் உலோக முனையைக் காப்டான் டேப்பால் (மின்சாரம் கடத்தாத டேப்) மூடி ஓரமாக ஒதுக்குங்கள். எஸ்எஸ்டி மேல் உரசினால் ஷார்ட் ஆகும்.

பொருநை88:
மூவருக்கும் நன்றி. எஸ்என்520, 2242, 512 ஜிபி மாட்டியாயிற்று. சார்ஜர் போட்டதும் ஆன் ஆனது. ஆனால் "திஸ் பிசி"யில் சி டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. சாட்டா மாட்டிவிட்டேனா?

திருகாணி:
இல்லை, புது டிஸ்க் அங்கே வராது. ஸ்டார்ட் பட்டனை ரைட்-க்ளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். கீழே "நாட் இனிஷியலைஸ்டு", 476.94 ஜிபி என்று ஒரு பட்டை இருந்தால் எல்லாம் நலம். 512 எப்படி 476 ஆனது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. உபுண்டுவுக்குத்தானே, இனிஷியலைஸ் கேட்டால் கேன்சல் கொடுத்துவிடுங்கள்.

அங்கேயும் இல்லை என்றால், எஃப்1-இல் செக்யூரிட்டி, ஐஓ போர்ட் ஆக்சஸ், அதில் வயர்லெஸ் வான் அணைந்திருக்கிறதா பாருங்கள். அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். அதுவும் சரியென்றால் கழற்றி மறுபடி செருகுங்கள். ஒரு மிமீ வெளியே நின்றாலே தெரியாது.

மெய்யெழுத்து:
உபுண்டு போடும்போது ஒரு எச்சரிக்கை. எந்த டிஸ்க்கில் நிறுவச் சொன்னாலும், பூட்லோடரை (ஓஎஸ்ஸை எழுப்பும் நிரலை) மட்டும் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் கோப்புகள் இருக்கும் பகுதியில்) கொண்டுபோய் வைக்கும் பழக்கம் அதன் இன்ஸ்டாலருக்கு உண்டு. நாளை 256-ஐக் கழற்றினால் உபுண்டுவும் எழாது. தனி டிஸ்க் வாங்கியதன் பயனே போய்விடும்.

தப்பிக்க நேர்வழி: மூடி திறந்திருக்கும்போதே 256-ஐத் தற்காலிகமாக எடுத்துவிட்டு நிறுவுங்கள். மூடிவிட்டீர்கள் என்றால் மேனுவல் பார்ட்டிஷனிங் எடுத்து, புது டிஸ்க்கில் 512 எம்பி இஎஃப்ஐ, மீதி எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறை), பூட்லோடர் இடமாகவும் அதே டிஸ்க். அழிக்கும் முன் என்விஎம்ஈ0, என்விஎம்ஈ1 என்ற பெயரை நம்பாதீர்கள், ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். அளவையும் மாடல் பெயரையும் பார்த்து அழியுங்கள்.

பொருநை88:
476.94 தெரிந்தது! மூடி இன்னும் போடவில்லை, 256-ஐ எடுத்துவிட்டே நிறுவுகிறேன். அதைத் திரும்ப மாட்டிய பிறகு எதில் பூட் ஆக வேண்டும் என்று எங்கே சொல்வது?

மெய்யெழுத்து:
ஒரு தடவைக்கு என்றால் ஆன் செய்ததும் எஃப்12 பட்டியல். நிரந்தரமாக என்றால் எஃப்1, ஸ்டார்ட்அப், பூட் வரிசை. விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் தள்ளி ஓடினால் பயப்படாதீர்கள், லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவில் அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.