மோவர் எஞ்சின் புல்லி கறள் பிடிச்சு இறுகிப்போச்சு – பெல்ற் மாத்த என்ன வழி?

காரை மைதானம்

வணக்கம் அண்ணையவை. காரைநகரில பள்ளிக்கூட மைதானத்துக்குப் பாவிக்கிற, ஏறியிருந்து ஓட்டுற புல்லு வெட்டுற மெசின். 42 அங்குல டெக் (கத்தி பூட்டியிருக்கிற அடிப்பெட்டி), சாப்ற் கீழ்நோக்கி வாற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், கத்திக்கு மின் கிளச். சில்லை ஓட்டுற பெல்ற் ஒரு பக்கம் பிய்ஞ்சு, ஈரப் புல்லில மெசின் நிண்டுபோகுது. டெக்கை இறக்கி, அடியில இருக்கிற போல்ற்றைக் கழட்டி, கிளச்சையும் எடுத்தாச்சு. அதுக்கு மேல இருக்கிற புல்லிதான் அசையுதில்லை. இரண்டு நாளா டபிள்யூடி 40 அடிச்சும் பிரயோசனமில்லை. இரண்டு கால் புல்லர் (புல்லியைக் கொழுவி இழுக்கிற கருவி) போட்டால் தகட்டு விளிம்பு வளையப் பாக்குது, அதோட நிப்பாட்டியிருக்கு. சாப்ற் நுனியில சுத்தியலால தட்டலாமோ? பழைய பெல்ற்றில நம்பரும் அழிஞ்சுபோச்சு. கடையில என்னெண்டு கேட்டு வாங்கிறது?

லேத் பட்டறை

தட்டவே தட்டாதேங்கோ தம்பி. நுனியில விழுற அடி சாப்ற் வழியா மேல ஏறி எஞ்சின்ர அலுமினிய உடம்பிலதான் மோதும். அது வெடிச்சால் எஞ்சினே போச்சு. போல்ற் ஏறுற புரியும் நசுங்கும். புல்லிக்கும் எஞ்சினுக்கும் நடுவில அலவாங்கு குடுத்து நெம்புறதும் அதே கதைதான், அடிக் கவரும் ஒயில் சீலும் முதல் போகும்.

பட்டரி நெகற்றிவ் வயரும் பிளக் வயரும் கழட்டித்தானே இருக்கு? மெசினைச் சீமெந்துக் கல்லில தூக்கி வச்சிருந்தால் உடன மாத்துங்கோ. அது சொல்லாமல் வெடிக்கும். இரும்பு ஸ்ராண்ட் வையுங்கோ.

சோளகம்

ஒரு விசயம் முதல் பாக்க வேணும். அந்தப் புல்லியைக் கழட்டத்தான் வேணுமோ? கிளச் இறங்கினாப் பிறகு பெல்ற்றைத் தடுக்கிறது அநேகமா பெல்ற் வெளியில பாயாமல் காக்கிற கம்பிகள்தான். அதுகளைத் தளர்த்தித் திருப்பினால், புல்லி இருந்த இடத்தில இருக்கவே பழைய பெல்ற் கீழால வரும், புதுசு ஏறும்.

கழட்ட வேணுமோ இல்லையோ எண்டு புல்லியில பெல்ற் ஓடுற தவாளிப்பைப் பாத்தால் தெரியும். வி பெல்ற் பிடிக்கிறது இரண்டு பக்கச் சரிவில, அடியில இல்லை. தவாளிப்பின்ர அடி கண்ணாடி மாதிரி மினுங்கினால் பெல்ற் அடியில முட்டி வழுக்கியிருக்கு, புல்லி தேய்ஞ்சுபோச்சு எண்டு அர்த்தம். அப்பிடியெண்டால் புது பெல்ற்றும் கெதியில எரியும். அடி மங்கலா, கறளா இருந்தால் புல்லியில கை வையாதேங்கோ.

காரை மைதானம்

பாத்தன் அண்ணை. அடி நல்லா மினுங்குது, விளிம்பும் புல்லரால கொஞ்சம் வளைஞ்சிட்டுது. மாத்தத்தான் வேணும்.

லேத் பட்டறை

சரி, அப்ப புல்லி போனாலும் பரவாயில்லை, சாப்ற்றைக் காப்பாத்திறதுதான் வேலை.

ஏன் இறுகுது எண்டால், இரும்பு கறளாகேக்கை பருத்து இடைவெளியை நிரப்பும். வெட்டின ஈரப் புல்லு புல்லிக்கு மேல தேங்கி நிக்கும். தீவுப்பகுதியில அதை உவர்க் கிணத்துத் தண்ணியால கழுவினால் சாப்ற்றுக்கும் புல்லிக்கும் இடையிலயும், கீ (புல்லி சாப்ற்றில தனியாச் சுத்தாமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு) இருக்கிற வெட்டிலயும் உப்பு இறங்கும். நல்ல தண்ணி இல்லையெண்டால் காத்தடிச்சுத் துப்பரவாக்குங்கோ, கழுவ வேண்டாம்.

நீங்கள் எண்ணெய் அடிச்சது கீழ இருந்து. அது வடிஞ்சு நிலத்தில விழுந்திருக்கும். மெல்லிய குழாயை வளைச்சு, புல்லிக்கு மேல, நடுக் குடம் (புல்லியின்ர நடுவில சாப்ற் நுழையிற தடிச்ச பகுதி) சாப்ற்றோட சேருற வட்டத்தில விடுங்கோ. டபிள்யூடி 40ஐ விட ஓட்டோமற்றிக் கியர் வாகனத்துக்கு விடுற கியர் ஒயிலும் அசற்றோனும் சரிபாதி கலந்தது நல்லா ஊறும். பைபர் போட் திருத்திற இடங்களில அசற்றோன் இருக்கும். விட்டு ஒரு இரவு விடுங்கோ. அது நெருப்புப் பிடிக்கிற சாமான், நல்லாக் காய்ஞ்சு துடைச்சாப் பிறகுதான் சூடு காட்டலாம்.

புல்லர் விளிம்பைப் பிடிக்கக் கூடாது, குடத்தைத்தான் பிடிக்க வேணும். பெயாரிங் கழட்டுற இரண்டு பாதித் தகடு போக இடம் இருந்தால் அதை மேலால பூட்டி, அதில புல்லரைக் கொழுவுங்கோ. இல்லையெண்டால் 8 மில்லிமீற்றர் தகட்டில, 1 அங்குலச் சாப்ற் நுழையிற அளவுக்கு ஒரு பக்கம் திறந்த வெட்டு வெட்டி, இரண்டு பக்கமும் போல்ற் ஓட்டை போட்டால் எந்த லேத்திலயும் செய்யலாம். புல்லரின்ர கூர் நேர சாப்ற் ஓட்டையில இறங்கப்படாது. உள் புரி அநேகமா 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. அந்த அளவில கட்டைப் போல்ற் ஒண்டைத் தலை சாப்ற்றில முட்டுற வரைக்கும் ஏத்திப்போட்டு, தலையில அழுத்துங்கோ.

புல்லரை இறுக்கினபடி விட்டு, குடத்தைச் சுத்திப் பித்தளைச் சுத்தியலால பக்கவாட்டில சின்னனாத் தட்டுங்கோ. திருகி ஏத்திறதை விட இந்த அதிர்வுதான் கறளை உடைக்கும். வரேல்லையெண்டால் திரும்ப இறுக்காமல் சூட்டுக்குப் போங்கோ.

சூடு எண்டால் பெற்றோல் தாங்கியைக் கழட்டி வெளியில வச்சாப் பிறகு, சூட்டுக்காத்துத் துவக்கால குடத்தை மட்டும். மேல ஒயில் சீல் கிட்டவே இருக்கு, 100 பாகைக்கு மேல போகாமல் பாருங்கோ. மெழுகுதிரியைக் குடத்தோட உரசினால் 60 பாகை அளவில உருகி உள்ள இழுபடும், அது நல்லது. தண்ணித் துளி சீறினால் நிப்பாட்டுங்கோ.

அதுக்கும் வராட்டி கிறைண்டர். கீ இருக்கிற பக்கம் குடத்தை நெடுக்கா வெட்டுங்கோ. ஆழம் கூடினாலும் வட்டு கீயைத்தான் தின்னும், சாப்ற்றைத் தொடாது. முக்கால்வாசி வெட்டினால் போதும், உளி வச்சுப் பிளக்க விரியும்.

பெல்ற் மணி

பெல்ற் விசயம். பழசை அளந்து வாங்காதேங்கோ, இழுபட்டிருக்கும். மெசின் மொடல் நம்பர் இருக்கைக்குக் கீழ தகட்டில இருக்கும், எஞ்சின் நம்பர் உதவாது. அதை வச்சு நீளம் கண்டுபிடியுங்கோ.

ரவுணில நம்பர் சொல்லேக்கை அகலத்தையும் நீளத்தையும் கலக்கக் கூடாது. 1/2 அங்குல அகலம் ஏ வகை, 5/8 பி வகை. ஏ 85 எண்டால் உள்நீளம் 85 அங்குலம், வெளிநீளம் ஏறக்குறைய 87. அதே பெல்ற் 4எல் 870 எண்டும் எழுதியிருக்கும், அதில 870 எண்டது வெளிநீளம் 87.0. இந்த இரண்டு அங்குலப் பிழையாலதான் பலருக்கு பெல்ற் ஏறாது, இல்லாட்டித் தொங்கும்.

மில்லுக்குப் போடுற சாதாரண ஏ பெல்ற் அவசரத்துக்கு ஓடும். ஆனால் இந்த மெசினில பெல்ற்றின்ர முதுகிலயும் கப்பி அழுத்துது, கால் பெடலை மிதிக்கேக்கை தளர்ந்து உரசுது. அதைத் தாங்கிறது அரமிட் நூல் (கெவ்லார் மாதிரி இழுபடாத உறுதியான நூல்) போட்டுத் துணி சுத்தின பெல்ற். விலை கூட, ஆனால் அதையே வாங்குங்கோ.

சோளகம்

பூட்டேக்கை சாப்ற்றை நைசான எமரியால துடைச்சு, செப்புக் கிறீஸ் மெல்லிசாப் பூசுங்கோ. 1/4 அங்குலக் கீயையும் புதுசாப் போடுங்கோ. போல்ற் இறுக்கம் வழமையா 50 அடி-இறாத்தல் அளவில, கையேட்டில வேற இருந்தால் அதுதான். எஞ்சின் சுத்தாமல் பிடிக்க ஸ்குறூறைவரைக் காத்தாடிச் சில்லுக்குள்ள குத்தாதேங்கோ, இறக்கை உடையும். பிளக் ஓட்டையால கயிறு விட்டு, வால்வு இரண்டும் மூடியிருக்க பிஸ்டனை அதில முட்ட வையுங்கோ. கயிற்று நுனி வெளியில நிக்க வேணும்.

கிளச் உடம்பில இருக்கிற வெட்டு, சேசிஸ் முளையில சரியா உக்காந்திருக்கோ எண்டு கையால அசைச்சுப் பாத்திட்டு மட்டும் ஸ்ராட் பண்ணுங்கோ. அது விலகியிருந்தால் முதல் சுத்திலயே கிளச் வயர் அறுந்துபோகும்.