அறை 9க்கு வந்த கடிதம்

முகம் தெரியாத ஒருவரோடு கடிதத்தில் பழகிய அனுபவம் யாருக்காவது உண்டா என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தீர்கள். எனக்கு உண்டு. வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. போன மாதம் பெறாமகளோடு இருந்து லஞ்ச்பாக்ஸ் படம் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் வந்த ஹிந்திப் படம், ரித்தேஷ் பத்ரா எடுத்தது. மும்பையில் டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இலா என்ற பெண் கணவனுக்கு அனுப்பும் அடுக்குப் பெட்டி, இளைப்பாறும் வயதில் இருக்கும் சாஜன் என்ற கணக்காளரின் மேசைக்கு மாறிப் போகிறது. அன்று பெட்டி ஒரு பருக்கையும் மிச்சமில்லாமல் திரும்பி வருகிறது. கணவன் ஒருநாளும் அப்படிச் சாப்பிட்டவன் இல்லை. மறுநாள் பெட்டிக்குள் அவள் ஒரு துண்டுக் கடிதம் வைக்கிறாள். அதற்கு அவர் எழுதுகிற பதில், இன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்பதுதான். எனக்கு அந்த இடத்திலேயே தொண்டை அடைத்துவிட்டது. சமைப்பவளுக்குப் புகழ்ச்சி பெரிதில்லை. தான் சமைத்ததை ஒருவர் கவனித்துச் சாப்பிட்டார் என்பதுதான் பெரிது.

சரி, என் கதை. 1999. அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தோம், அறை 9. யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து 1995இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, பல இடம் சுற்றிக் கொழும்புக்கு வந்திருந்தோம். வடக்கிலிருந்து வந்த தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் காலி வீதியைக் கடக்கவும் பயந்த காலம். அண்ணா கனடாவிலிருந்து ஏதாவது ஒழுங்கு செய்வார் என்று காத்திருந்தோம். லொட்ஜில் எல்லோருக்கும் அதுதான் வேலை, காத்திருப்பது.

ஒருநாள் கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வந்தது. உறையில் பெயரைவிட அறை 9 என்பது பெரிதாக எழுதியிருந்தது. அம்மா எங்களுக்குத்தான் என்று நினைத்து உடைத்துவிட்டார். பார்த்தால், எங்களுக்கு முதல் அந்த அறையில் இருந்து வெளிநாடு போய்விட்ட ஒருவருக்கு, வவுனியாவிலிருந்து அவருடைய நண்பர் எழுதியது. எழுதியவர் கணித ஆசிரியர். கொப்பித் தாள், இடது பக்கம் சிவப்புக் கோடு, உறையை ஒட்டியது பசையால் அல்ல, சோற்றுப் பருக்கையால். காய்ந்த பருக்கை ஒன்று என் மடியில் விழுந்தது. கடிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கடல் இரைச்சலில் நித்திரை வருகிறதா, கொண்டுபோன புத்தகத்தை வாசித்து முடித்தாயா, இவ்வளவுதான்.

உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அவருடைய நண்பர் வெளிநாடு போய்விட்டார் என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதிலின் கடைசியில், தனியாகச் சமைப்பதாகவும் பருப்பு மட்டும் ஒருநாளும் வாய்க்கு வரவில்லை என்றும் எழுதியிருந்தார். அதை எப்படி விடுவது? பருப்பு நன்றாக அவிந்த பிறகுதான் உப்பு, தேங்காய் முதற்பாலைக் கடைசியில் விட வேண்டும், விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து மேலே போடுங்கள் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

அப்படியே பதினான்கு கடிதம் வந்தது. காதல் என்ற சொல் ஒன்றிலும் இல்லை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகியது, மண்ணெண்ணெய் விலை, அவர் வீட்டு முற்றத்துக்கு வரும் ஒரு கிளி, இங்கே எங்கள் யன்னலால் தெரியும் தண்டவாளமும் அதற்கு அங்கால் கடலும், இவைதான். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் எழுதி முடித்த நேரத்தைப் போடுவார். இரவு 10.20. காலை 5.05. அந்த நேரத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்ப்பேன்.

அடுத்த வருடம் விடைத்தாள் திருத்த அவருக்குக் கொழும்பில் வேலை வந்தது. யாழ்தேவி ரயில் அந்த நாளில் வவுனியாவோடு நின்றுவிடும், அங்கிருந்துதான் ஏறி வருவார். சனிக்கிழமை நாலு மணிக்குக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால், ஒல்கொட் சிலையடியில் நிற்பதாக எழுதியிருந்தார். அம்மாவிடம் தட்டெழுத்து வகுப்பென்று சொல்லிவிட்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் போனேன்.

பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. மழை இல்லை, ஆனாலும் கையில் கறுப்புக் குடை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வீதிக்கு மற்றப் பக்கம், பேப்பர் விற்கிறவருக்குப் பக்கத்தில் நின்றேன். நாற்பது நிமிடம் நின்றேன். கடக்கவில்லை. அந்தக் கிழமைதான் கனடாவில் எனக்கு ஒரு சம்பந்தம் சரிவந்துவிட்டது என்று அண்ணா தொலைபேசியில் சொல்லியிருந்தார். அதை நான் அவருக்கு எழுதவில்லை. எழுதாமல் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

படத்திலும் உணவகத்தில் இலா காத்திருக்கிறாள். சாஜன் அதே இடத்துக்கு வந்தும் அவளுக்கு முன்னால் போய் இருக்கவில்லை. அன்று காலை குளியலறையில் தன் தாத்தாவின் வாசனை அடித்தது, பிறகுதான் அது தன்னுடைய வாசனையென்று தெரிந்தது, வயதாகிவிட்டது என்று பிறகு எழுதுகிறார். பெறாமகள் கோபித்துக்கொண்டாள். "பெரியம்மா, இவர் ஏன் எழும்பிப் போய் ஒரு வார்த்தை பேசேல்லை?" என்று கேட்டாள். நான் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பிவிட்டேன். இர்ஃபான் கான் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே செய்யமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். கோழைத்தனம் என்று சிலர் இங்கே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

அன்றிரவே உண்மையை எல்லாம் எழுதிப் போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. குடையைப் பற்றியோ சனிக்கிழமையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. மழை பிடித்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சோதனை வருகிறது என்றெல்லாம் எழுதி, முடிவில் "பருப்பு இப்போது சரியாக வருகிறது" என்றிருந்தது. நேரம் இரவு 11.40.

அந்தக் கலியாணம் சரிவரவில்லை, அது வேறு கதை. நான் கொழும்பிலேயே நின்றுவிட்டேன். 2002இல் சமாதானம் வந்து வடக்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபோது துணிந்து ஒரு கடிதம் எழுதினேன். இடம்மாறிவிட்டார் என்று உறையில் பேனையால் எழுதித் திரும்பி வந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்:

அக்கா, வாசித்துவிட்டுக் கனநேரம் சும்மா இருந்தேன். எங்களுக்கெல்லாம் கடிதக் காதல் என்றால் 1996இல் வந்த காதல் கோட்டைதான். ரயிலில் தொலைந்த சான்றிதழ்களை ஜெய்ப்பூரில் இருக்கும் ஒருவன் தபாலில் அனுப்பிவைக்க, அதிலிருந்து தொடங்கும். அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்த படம். முடிவில் இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கும்போது நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

அந்த வேகத்தில் நானும் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் பார்த்து ஹற்றனில் ஒரு பெண்ணுக்கு எழுதினேன். மூன்று வருடம் எழுதினோம். அப்புறம் அவர் தன் தமக்கையோடு கொழும்புக்கு வந்தபோது காலிமுகத்திடலில் சந்தித்தோம். இறால் வைத்த இஸ்ஸோ வடை வாங்கினேன். கடிதத்தில் எட்டுப் பக்கம் எழுதுகிற எங்கள் இருவருக்கும் வடை முடியுமட்டும் பேச ஒன்றும் வரவில்லை. காற்றுக்கு மணல் பறக்கிறது என்றார், ஓம் என்றேன். வீட்டுக்குப் போனதும் இருவருமே ஒரே நாளில் எழுதினோம், கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். அதில் அவ்வளவு பேச்சு இருந்தது. இன்னும் மூன்று நாலு கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் அறிந்த அந்தப் பெண் தாளில்தான் இருந்தார். அவரிடமும் நான் அப்படித்தான் இருந்திருப்பேன்.

லஞ்ச்பாக்ஸ் முடிவில் அவர்கள் சந்தித்தார்களா இல்லையா என்று காட்டாமல் விட்டது அதனால்தான் எனக்குப் பிடித்தது.

தெஹிவளையிலிருந்து ஒருவர்:

நான் வட்ஸப் காலத்துப் பிள்ளை, கடிதமே எழுதியதில்லை. அக்கா, கேட்கலாமோ தெரியவில்லை. திரும்பி வந்த அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறீர்களா? இப்போது முகநூலில் தேடினால் ஒரு நிமிடத்தில் ஆளைப் பிடிக்கலாமே?

முதலில் எழுதியவர்:

கேட்கலாம் தங்கச்சி. தேடவில்லை. முழுப்பெயர் தெரியும், படிப்பித்த பள்ளிக்கூடமும் தெரியும், இருந்தும் தேடவில்லை. அவருக்கு ஒரு வீடு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கலாம். இவ்வளவு காலம் கழித்து அவர்கள் வாசலில் போய் நிற்க நான் யார்?

கடிதம் இருக்கிறது. அம்மாவின் தையல் பெட்டிக்குள், அவருடைய பதினான்கு கடிதங்களோடு. அதை ஒட்டும்போது வீட்டில் பசை இருந்தது, ஆனாலும் நான் சோற்றுப் பருக்கையால்தான் ஒட்டினேன். இன்னும் திறக்கவில்லை. நான் எழுதியதுதானே, என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.