விறாந்தைக் கமராவைத் திருப்பிவிட்டேன்: ஊருக்குத் திரும்பியவர்களின் பகல் குடி

கொக்குவில் வயர்மன்:

இப்படி ஒரு மாமாவை இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஆகவே முன்கதை வேண்டாம். முப்பது வருடம் லண்டன், மாமி காலமாகிவிட்டார், பிள்ளைகள் அங்கே, இவர் மட்டும் இங்கே யாழ்ப்பாணத்தில் இரண்டு மாடி வீட்டில். வீடுகளுக்குக் கமரா பூட்டுவது என் தொழில். அவர் வீட்டுக்கு நான்கு பூட்டினேன், காசு அனுப்பியது மகள்.

மாசி மாதம் போன் எடுத்தார். "விறாந்தைக் கமரா சரியில்லை, ஒருக்கா வந்து பார் தம்பி." நான் போகும்போது காலை பத்தரை இருக்கும். சாய்மனைக் கதிரையில் இருந்தார். பக்கத்து ஸ்டூலில் தேத்தண்ணிக் கோப்பை, சோசர், இலையான் விழாமல் ஒரு மூடி. கமராவில் ஒரு பிழையும் இல்லை, படம் பளிச்சென்று இருந்தது. அதுதான் பிழை என்பது பிறகே விளங்கியது.

"இதைக் கேற் பக்கம் திருப்பிவிடு. கள்ளர் கேற்றாலைதானே வருவாங்கள்."

கேற்றுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே மாமா என்றேன். அவர் பதில் சொல்லாமல் கோப்பையை எடுத்து ஒரு மிடறு விழுங்கினார். ஆறிய தேத்தண்ணியை யாரும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கமாட்டார்கள். ஏணியில் நின்ற எனக்கே மணம் அடித்தது.

திருப்பினேன். ஆயிரத்து ஐந்நூறு கேட்டேன், ஐயாயிரம் தந்தார். வாங்கினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு கிழமை கழித்து மகள் வட்ஸ்அப்பில் வந்தார். "அண்ணை, அப்பா இருக்கிற இடம் தெரியேல்லை, மாமரம்தான் தெரியுது. எழும்பின உடனை நான் அதைத்தான் பாக்கிறனான்." அவருக்கு விடியக்காலை ஆறு மணி, இங்கே பதினொன்றரை. காற்றுக்கு ஆடியிருக்கும் அக்கா, நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்க்கிறேன் என்றேன். மூன்று மாதம் ஆகிறது. கமரா இன்னும் மாமரத்தைத்தான் பார்க்கிறது.

புத்தி கேட்டு இதை எழுதவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்ததா?

பனையடிவாரம்:

ஒளித்துக் குடிக்கிறவர்கள் மட்டும் இல்லை வயர்மன். எங்கள் பக்கத் தவறணைக்கு ஒருவர் ஊரறிய வருகிறார். ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். காலைக் கள்ளு இறங்கி வரும் நேரத்துக்கு வாங்கில் இருப்பார். மற்றவர்கள் பிளாஸ்டிக் கோப்பையில் குடிக்க, இவருக்கு மட்டும் பிளா வேண்டும். ஓலையில் பிளா கோலிக் கொடுக்கும் பெடியனுக்குத் தனியாக நூறு ரூபா. (முந்தி இவருடைய தகப்பன் மாதிரி ஆட்கள் தவறணைப் படி ஏறமாட்டார்கள், கள்ளு அவர்களுடைய படலைக்குப் போகும். அந்தக் கதையை இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன்.)

எனக்கு அவரில் கோபம் வந்தது வேறொன்றுக்கு. என் வீட்டுக்குக் கொங்கிறீற் போடும் நாள். மெசின் வந்தாயிற்று, மணல் வந்தாயிற்று, மேசன்மார் மூன்று பேரைக் காணவில்லை. தவறணைக்கு ஓடினேன். மூன்று பேரும் அங்கே, அவருடைய செலவில். நான் சத்தம் போட, அவர் சண்டைக்கு வரவில்லை. கையை நீட்டி மணிக்கூட்டைக் காட்டினார். நம்முடைய நேரம் பத்து மணி, அவருடைய கையில் ஐந்தரை. ஒஸ்லோ நேரத்தை அவர் இன்னும் மாற்றவில்லை.

"இப்ப பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுற நேரம் தம்பி. இருபத்தாறு வருசம். இந்த நேரத்திலைதான் எனக்குச் சும்மா இருக்கேலாமல் கிடக்கு."

அங்கே சாராயக் கடை எல்லாம் அரசாங்கத்துடையது, சனி பின்னேரம் பூட்டினால் திங்கள்தான் திறப்பார்கள், விலையும் நெருப்பு, அதனால் அங்கே தான் குடித்ததே இல்லை என்றும் சொன்னார். மேசன்மாரை இழுத்துக்கொண்டு வந்தேன். கொங்கிறீற் நல்லாய்த்தான் விழுந்தது. அந்த மணிக்கூடுதான் மனதை விட்டுப் போகவில்லை.

கமரா பைத்தியம்:

வயர்மன் அண்ணை, விறாந்தைக்கு ஏன் அசையாத கமரா போட்டீர்கள்? சுற்றும் கமரா போட்டிருந்தால் மகளே போனில் இருந்து திருப்பியிருப்பார். பதிவு பண்ணும் பெட்டிக்கு யூபிஎஸ் போட்டீர்களா? போடாவிட்டால் கரண்ட் போகும்போது என்ன செய்வீர்கள்? வெளிக் கமராவுக்குச் செம்புக் கேபிள்தான் போடவேண்டும், மலிந்த கேபிள் உப்புக் காற்றுக்கு இரண்டு வருடமும் தாங்காது. வயரைக் குழாய்க்குள்ளால் எடுத்தீர்களா, மதிலோடு சும்மா ஆணி அடித்தீர்களா?

கொழும்புத்துறை மருமகள்:

மேலே எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

என் மாமா ரொறன்ரோ. அங்கே வைத்திய அட்டை பறிபோகாமல் இருக்க வருடத்தில் 153 நாள் அந்த மாகாணத்தில் நிற்கவேண்டுமாம். அந்தக் கணக்கில் கலண்டரில் கோடு கீறிக்கொண்டுதான் வருவார், ஒரு நாள் பிசகாது. மார்கழியில் வந்தால் சித்திரை தாண்டி ஆனியும் வந்துவிடும். இங்கே நிற்கிற நாள் எல்லாம் பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முதல் ஒன்று, நித்திரை கொண்டு எழும்பி நாலு மணிக்கு ஒன்று. இரவில் தொடமாட்டார். "இரவிலை குடிச்சால்தான் பிள்ளை குடிகாரன்" என்பார். அதற்கு நான் என்ன சொல்வது?

கனடாவில் 2023இல் புதுசாக ஒரு அறிவுரை வந்தது, கிழமைக்கு இரண்டு கிளாசுக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று. மச்சாள் அதை அச்சடித்து அனுப்பி, பிரிட்ஜில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்துவிட்டு, "இது குளிர் நாட்டுக்கு" என்றார்.

போயா நாளில், அதுதான் பௌர்ணமி விடுமுறையில், சாராயக் கடை எல்லாம் பூட்டு என்பது தெரியும்தானே. முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார். ஒரு போயாவுக்கு மறந்துவிட்டார். அன்றைக்கு வீடே ஒரு மாதிரி. ரிவி ரிமோட்டைக் காணவில்லை என்று ஏசினார், கையில்தான் இருந்தது. பின்னேரம் என் பன்னிரண்டு வயது மகனைக் கூப்பிட்டு, சைக்கிளில் போய் இன்னாருடைய வீட்டில் "தாத்தா மருந்து கேட்டவர்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். அவன் கேற் தாண்ட முதல் பிடித்துவிட்டேன்.

என்ன மருந்து என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் அம்மா, போத்தில்காரனுக்கு வெறும் போத்தில் விக்கிறது நான்தானே." அந்தக் காசில் கிரிக்கெட் பந்து மூன்று வாங்கி வைத்திருக்கிறான். மாமா வந்த நாளில் இருந்து எத்தனை போத்தல் என்று வீட்டில் சரியான கணக்கு அவனிடம் மட்டும்தான் இருந்தது. என் கணவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

ஊரோடு வந்தவன்:

வாசித்துக்கொண்டே வருகிறேன். நானும் லண்டன்தான், எழுபத்தொரு வயது, பகலில் இரண்டு பியர் குடிக்கிறவன். எழுதுங்கள், நல்லாய் எழுதுங்கள்.

பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றவேண்டும், கார் ஓடவேண்டும், எங்கே குடிக்கிறது? இங்கே ஒன்றும் ஓடத் தேவையில்லை. நாங்கள் காசுக் கொழுப்பில் குடிக்கிறோம் என்று ஒரு நினைப்பு உங்களுக்கு. பிரிட்டன் அரச பென்சனோடு இலங்கையில் வந்து இருந்தால் அந்தத் தொகை அப்படியே உறைந்துவிடும், தெரியுமா? அங்கே இருக்கிறவனுக்கு வருடா வருடம் கூடும், எனக்குக் கூடாது. 2022இல் ரூபா விழுந்தபோது கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது, சாமான் விலை அதைத் தின்றுவிட்டது.

வயர்மன் தம்பி திருப்பியது சரி. எழுபது வயது மனிசன் தன் விறாந்தையில் என்ன குடிக்கிறான் என்று கடல் தாண்டி இருந்து பார்ப்பதா? மகளுக்கு அன்பு இருந்தால் டிக்கெட் போட்டு வரட்டும்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். என்னோடு படித்த முப்பது பேரில் ஊரில் இருந்தது என்னோடு சேர்த்து மூன்று பேர். பதினொரு மணிக்கு ஒருவனுடைய வீட்டில் கூடுவோம். போன வருடம் ஒருவன் போய்விட்டான். செத்த வீடு முடிந்த மறுநாள் பதினொரு மணிக்கு நானும் மற்றவனும் போய் இருந்தோம். மூன்று கிளாஸ் எடுத்து வைத்துவிட்டான். மூன்றாவதை எடுக்கவும் மனம் வரவில்லை, ஊற்றவும் மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற தாதி:

ஊரோடு வந்தவன் அண்ணை, உங்களோடு சண்டைக்கு வரவில்லை. மருமகள் எழுதிய போயா நாளை வாசித்ததும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். சுவிசில் இருந்து வந்தவர். நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் தொடமாட்டேன் என்று நேர்ந்துவிட்டு, கொடியேற்றத்தன்று காலை அடியோடு நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். மூன்றாம் நாள் சாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாராம், எறும்பு ஏறுது, எறும்பு ஏறுது என்று. ஒரு எறும்பும் இல்லை. யாரோ செய்வினை என்று சொல்லி, நூல் கட்டிவிட்டுத்தான் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது எல்லாம் தெரியும், ஆளை மறக்கும், காய்ச்சலும் சேரும். அதில் உயிரும் போகலாம். ஆகவே பிள்ளைகள் போத்தலை ஒளித்து வைத்து வீரம் காட்டவேண்டாம். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், மருந்தோடு படிப்படியாக நிறுத்தலாம். பி1 விற்றமினும் கொடுப்பார்கள், அதைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. வயது போகப் போக உடம்பில் தண்ணீர் குறையும். நாற்பது வயதில் குடித்த அதே அளவு எழுபதில் கூட ஏறும். பிரசர்க் குளிசை, சீனி வருத்தத்துக் குளிசை, நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் எத்தனை பேர்? வெயிலுக்குள் பியர் குடித்தால் தாகம் தீரும் என்பார்கள், சலமாகப் போய் உடம்பு இன்னும் காயும். பிறகு கிணற்றடியில் தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியும். அப்படி எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன்! பிரிட்டனில் 2016இல் இருந்து சொல்வது கிழமைக்கு 14 யூனிற்றுக்கு மேல் வேண்டாம் என்று (ஒரு யூனிற் என்றால் 10 மில்லி தனி அற்ககோல்). நம்முடைய சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு அற்ககோல். 375 மில்லி அரைப்போத்தலிலேயே 12 யூனிற்றுக்கு மேல். கிழமைக் கணக்கு ஒரு நாளிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடும். இரண்டு பியர் என்றீர்கள் அண்ணை. எந்தப் பியர்? 8.8 வீதம் என்று ரின்னில் போட்டிருந்தால் அது இரண்டு இல்லை, நாலு மாதிரி.

நடுக்கத்தைக் கவனியுங்கள் வயர்மன். காலையில் குடிக்க முதல் கை நடுங்கி, குடித்த பிறகு நின்றால், அது பொழுதுபோக்குக் குடி இல்லை.

பனையடிவாரம்:

அக்கா எழுதியது சரி, ஆனால் கொஞ்சம் நீளம். ஊரோடு வந்தவன் அண்ணை, பென்சன் உறைகிறது பாவம்தான். நாட்கூலி போன மேசனுக்குப் பென்சனே இல்லை. அவனுடைய பெண்சாதி என் வீட்டு வாசலில் வந்து நின்றதையும் எழுதவா?

ஊரோடு வந்தவன்:

நான் யாருக்கும் வாங்கிக் கொடுக்கிறதில்லை. என்னுடையது 4.8.

கொக்குவில் வயர்மன்:

நேற்றுப் போனேன். வேண்டுமென்றே ஒன்பது மணிக்கு. மகள் சொல்லித்தான் வந்தேன் என்று உண்மையைச் சொன்னேன், மிச்சக் காசு மூவாயிரத்து ஐந்நூறையும் ஸ்டூலில் வைத்தேன். அவர் காசைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கன நேரம் பார்த்தார்.

"சரி, ஏறு. நான் ஏணியைப் பிடிக்கிறன்."

நிலம் சிமெந்து. ஏணியும் நல்ல அலுமினிய ஏணி, நான் மட்டும் ஏறினால் அசையாது. கமராவைத் திருப்பி முடிக்கும்வரை கால்களுக்குக் கீழே அது ஆடிக்கொண்டே இருந்தது. இறங்கி வந்தபோது இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மகளுக்குப் படம் போய்விட்டது. கைபற்றி இன்னும் சொல்லவில்லை. தாதி அக்கா, உங்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன், பாருங்கள்.