ஃபிலிபஸ்டர்: ‘வாக்கெடுப்பு மறியல்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஒரிகன் மாநில உறுப்பினராக இருந்த வெய்ன் மோர்ஸைப் பற்றிய கட்டுரையை எழுதும்போது ‘ஃபிலிபஸ்டர்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். மசோதா வாக்கெடுப்புக்கு வராதபடி விவாதத்தை நீட்டித் தடுப்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள். அதற்குத் தமிழாக இதுவரை நம்மிடையே முன்வைக்கப்பட்ட ‘நெடும்பேச்சு’, ‘இழுத்தடிப்பு’, ‘பேச்சு மறியல்’ ஆகிய மூன்றையும் அவருடைய அரசியல் வாழ்க்கையோடு உரசிப் பார்த்தேன். மூன்றிலுமே குறை தெரிகிறது.

கடலோர எண்ணெய் வளத்தின் உரிமையை மாநிலங்களுக்கு வழங்கும் மசோதாவை எதிர்த்து 1953 ஏப்ரலில் மோர்ஸ் 22 மணி 26 நிமிடம் பேசினார். 1957இல் குடிமை உரிமை மசோதாவை எதிர்த்த ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசி அதைக் கடந்தார். இவற்றுக்கு ‘நெடும்பேச்சு’ பொருந்தும். ஆனால் 1964இல் தென்மாநில உறுப்பினர்கள் முறைவைத்துப் பேசியும் திருத்தங்களைக் கொண்டுவந்தும் குடிமை உரிமை மசோதாவை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தார்களே, அதில் தனியொருவரின் பேச்சு எவ்வளவு நீண்டது என்பது முக்கியமே அல்ல.

‘இழுத்தடிப்பு’ வசைச்சொல், எதிர்த்தரப்பின் வாயில்தான் அது வரும். செயற்கைக்கோள் தொடர்பைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் மசோதாவை 1962இல் மறித்தவர்களில் மோர்ஸும் ஒருவர். அவர்களை அடக்க, 63–27 என்ற வாக்குகளில் விவாதம் முடிக்கப்பட்டது. 1927க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதே மோர்ஸ் 1964 ஜூன் 10 அன்று, தென்மாநிலத்தாரின் விவாதத்தை 71–29 என முடித்துவைத்தவர்களோடு சேர்ந்து வாக்களித்தார். இரு பக்கமும் நின்ற ஒருவரைப் பற்றி எழுத, இரு பக்கத்தாரும் ஏற்கும் சொல் வேண்டும்.

‘பேச்சு மறியல்’ கேட்க நன்றாயிருந்தாலும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. சாலை மறியலில் மறிக்கப்படுவது சாலை, கள்ளுக்கடை மறியலில் மறிக்கப்படுவது கள்ளுக்கடை. அந்த வழக்கின்படி பேச்சு மறியல் என்றால் யாரையோ பேசவிடாமல் தடுத்ததாகவே வாசகர் கொள்வார். செனட்டில் உண்மையில் மறிக்கப்படுவது வாக்கெடுப்பு. ஆகவே ‘வாக்கெடுப்பு மறியல்’ என்று முன்மொழிகிறேன்.

1953, 1957 ஆகிய இரண்டு மசோதாக்களும் இறுதியில் நிறைவேறிவிட்டனவே, பிறகு எப்படி மறியல் என்று கேட்கலாம். போராடியவர்களைக் காவல்துறை வேனில் ஏற்றிச் சென்று போக்குவரத்தைச் சரிசெய்த பின்னரும் நாம் அதை மறியல் என்றுதானே சொல்கிறோம்? வெற்றி தோல்வியை அச்சொல் அறுதியிடுவதில்லை என்பதே அதன் சிறப்பு. ‘ஃபிலிபஸ்டர்’ என்பதன் வேர் கடற்கொள்ளையரைக் குறித்த டச்சுச் சொல். அதை வைத்துச் சொல்லாக்கலாம் என்று நம்மிடையே வந்த யோசனை சுவையானது, வழக்குக்கு உதவாது.

இந்த மறியலை முறிக்க, வாக்கெடுத்து விவாதத்தை முடிக்கும் முறையான ‘குளோச்சர்’ 1917இல் செனட்டின் 22ஆம் விதியாக வந்தது. அப்போது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது, 1975இல் அது ஐந்தில் மூன்றாயிற்று. இதை ‘விவாத முடிவு’ என்றால் விவாதத்தில் எட்டிய தீர்மானம் என்றும் பொருள்படும் என்பதால் ‘விவாத முடிப்பு’ என்கிறேன்.

கட்டுரையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: “1962இல் மோர்ஸும் சிலரும் நடத்திய வாக்கெடுப்பு மறியல், விவாத முடிப்புத் தீர்மானத்தால் முறிக்கப்பட்டது.” படிக்கையில் எங்கேனும் இடறினால் தெரிவியுங்கள்.