பேலியோவில் சர்க்கரை இறங்கியது, எல்டிஎல் ஏறியது: தொடரலாமா?

திருப்பூர் பாலு
எல்லாருக்கும் வணக்கம். வயது 46. பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பும் இறைச்சியும் முட்டையும் சாப்பிடும் பேலியோ உணவுமுறைக்கு வரும்போது எடை 92 கிலோ, மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1. காலையில், ராத்திரியே ஊறவைத்து நெய்யில் வறுத்த நூறு பாதாம். மதியம் நாலு முட்டையும், சோறு மாதிரி துருவி வேகவைத்த காலிஃபிளவரும். சாயங்காலம் பட்டர் டீ. ராத்திரி மட்டன் அல்லது பனீர். சோறு, இட்லி, பருப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது.

இப்போது எடை 77, ஹெச்பிஏ1சி 5.9. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240லிருந்து 70, நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் 34லிருந்து 58. இதுவரை எல்லாம் சந்தோஷம். ஆனால் மொத்தக் கொலஸ்ட்ரால் 200லிருந்து 305, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 118லிருந்து 233. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேலியோ நண்பர்கள் "கண்டுக்காதீங்க, பழகிடும்" என்கிறார்கள். மாத்திரை இன்னும் பிரிக்காமல் பையில் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

நெய்ரோஸ்ட்
பாலு அண்ணே, முதலில் வாழ்த்து. எடை குறைந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்து, மாத்திரையும் நின்றதற்கு அப்புறம் எதற்குக் கவலை? டிரைகிளிசரைடை ஹெச்டிஎல்லால் வகுத்துப் பாருங்கள். முன்பு 7, இப்போது 1.2. இதயத்துக்கு முக்கியம் அதுதான். அப்புறம், உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எல்டிஎல் அளந்த எண் இல்லை, சூத்திரம் போட்டு எழுதியது. டிரைகிளிசரைடு இறங்கினால் சூத்திரம் தப்பாகும். நான் பல வருடமாக இதே சாப்பாடுதான். என் எல்டிஎல்லும் 200க்கு மேல். நேற்று கூட மருதமலைப் படி ஏறிவிட்டு வந்தேன்.

மருந்துக்கடை தேவி
நெய்ரோஸ்ட் சார், சூத்திரத்தைச் சொன்னீர்கள், போட்டே பார்த்துவிடலாம். மொத்தம் 305. ஹெச்டிஎல் 58 போக 247. டிரைகிளிசரைடு 70ஐ ஐந்தால் வகுத்தால் 14. அதையும் கழித்து 233 என்று எழுதுகிறார்கள். பிசகு வரக்கூடிய இடம் அந்த 14 மட்டும்தான். அது 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் 222. எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் பழைய 118 திரும்ப வராது. நம்பிக்கை இல்லையென்றால் அப்போ-பி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். எல்டிஎல் போன்ற துகள்கள் எத்தனை ஓடுகின்றன என்பதை அது சொல்லிவிடும்.

எல்டிஎல் 190ஐத் தாண்டினால் வேறு ஆபத்து இருக்கிறதா என்று பார்க்காமலே ஸ்டாடின் தரச் சொல்கிறது அமெரிக்க இதயநோய் வழிகாட்டுதல். நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு எல்டிஎல் அவ்வளவு ஏறாவிட்டாலும் தரச் சொல்கிறது. பாலு சாரின் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை.

பாலு சார், தைராய்டு பார்த்தீர்களா? அது மந்தமாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும்.

கரிசல்காரன்
எங்கள் தாத்தா கம்மங்கஞ்சி குடித்தே தொண்ணூறு வயது இருந்தார். பாதாமும் கிடையாது, பட்டரும் கிடையாது.

நெய்ரோஸ்ட்
கரிசல் அண்ணே, தாத்தா வெயிலில் ஏர் பிடித்தார். நாம் ஏசியில் மவுஸ் பிடிக்கிறோம். அந்தக் கஞ்சியை இந்த உடம்புக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்று குளுக்கோமீட்டரைக் கேளுங்கள். எனக்கு இரண்டு இட்லி, சாம்பார் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினால் 186. மூன்று முட்டை ஆம்லெட்டுக்கு 112. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

தேவி மேடம், உங்கள் வழிகாட்டுதல்களை நம்பித்தான் நெய்யைத் தள்ளிவைத்து டின் டின்னாக சூரியகாந்தி எண்ணெய் வாங்கினோம். என் அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் போயிற்று. அவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுச் சீட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. காலை மூன்று இட்லி, பதினோரு மணிக்கு மேரி பிஸ்கட் இரண்டு, மதியம் ஒரு கப் சோறு, ராத்திரி மூன்று சப்பாத்தி. சர்க்கரை நோயாளிக்கு நாள் முழுக்க மாவு! அதை எழுதியவர்கள்தான் இப்போது என் பட்டர் டீயைக் கேள்வி கேட்கிறார்கள்.

மருந்துக்கடை தேவி
அந்தச் சீட்டுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நம் நாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வே சொல்லிவிட்டது. சோற்றைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. ஆனால் அதே ஆய்வுக் குழு, புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் மீள மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தைக் கூட்டச் சொல்கிறது. பூஜ்யமாக்கச் சொல்லவில்லை. இட்லி தப்பு என்பதால் வெண்ணெய் சரி ஆகிவிடுமா?

லுண்ட் தமிழன்
நான் இருக்கும் ஸ்வீடனின் லுண்ட் ஊரில்தான் பேலியோ பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று நடந்தது. 2007இல் வெளியானது. இதயநோயும் சர்க்கரைக் கோளாறும் உள்ள 29 ஆண்களைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பேலியோ, மறு பாதிக்கு மத்தியதரைக்கடல் உணவு கொடுத்தார்கள். 12 வாரத்தில் பேலியோ பக்கம் சர்க்கரையைக் கையாளும் திறன் நன்றாகவே தேறியது. நெய்ரோஸ்ட் இதை மேடை போட்டுச் சொல்லலாம்.

ஆனால் அவர்கள் தட்டில் என்ன இருந்தது? கொழுப்பில்லாத இறைச்சி, மீன், காய், பழம், முட்டை, கொஞ்சம் கொட்டைகள், கிழங்கு. பால் பொருள் ஒன்றுகூட இல்லை. அதாவது நெய், வெண்ணெய், பனீர் மூன்றும் அங்கே தடை. நம் ஊர்ப் பேலியோவில் நிறையக் கலோரி அந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. அந்த ஆய்வைக் காட்டி இந்தத் தட்டுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்க முடியாது.

ஸ்வீடனின் உமியோ நகரில் பருமனான 70 பெண்களை, பேலியோ, வழக்கமான பரிந்துரை உணவு என இரண்டு பிரிவாக்கி இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். ஆறாவது மாதத்தில் பேலியோ பெண்கள் எடை இழப்பில் தெளிவாக முன்னால் நின்றார்கள். இரண்டு வருட முடிவில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. டிரைகிளிசரைடு மட்டும் குறைவாகவே நீடித்தது. அயோடின் அளவும் இறங்கியது.

இன்னொன்று. பப்புவா நியூ கினியில் கிடாவா என்று ஒரு தீவு. அங்கே ஆலைச் சாப்பாடு கிடையாது. கிழங்கு, பழம், தேங்காய், மீன் இவைதான். மாரடைப்பும் பக்கவாதமும் அங்கே அபூர்வம் என்று எழுதினார் டாக்டர் லிண்டபெர்க். மேலே சொன்ன 2007 ஆய்வை நடத்தியவரும் அவரே. கிடாவாக்காரர்களின் சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து!

நெய்ரோஸ்ட்
கிடாவாக்காரனுக்குச் சர்க்கரை நோய் இல்லை, தமிழரே. பாலு அண்ணனுக்கு இருக்கிறது. அவருக்குக் கிழங்கு கொடுத்துப் பாருங்களேன்.

லுண்ட் தமிழன்
அது நியாயமான அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழங்கை விடுவதற்கும் நூறு பாதாமை நெய்யில் வறுப்பதற்கும் சம்பந்தம் இல்லை. நூறு பாதாம் என்பது சுமார் 120 கிராம். கிட்டத்தட்ட 700 கலோரி, வறுத்த நெய் தனி.

அடுப்பங்கரை மீனா
அண்ணன்மார் எல்லாரும் கொலஸ்ட்ராலிலேயே நிற்கிறீர்கள். எனக்குப் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இருந்த மாதவிடாய் பேலியோவில் சரியாக வர ஆரம்பித்தது. அதற்காக இந்த உணவுக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் எடை மளமளவென்று இறங்கிய பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குளித்தால் தண்ணீர் போகும் துளையில் முடி அடைத்துத் தண்ணீர் நிற்கும். பேலியோ குழுவில் கேட்டால் "நெய்யைக் கூட்டுங்க" என்று பதில். தோல் டாக்டர்தான், வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும், புரதத்தையும் இரும்புச்சத்தையும் கவனி, திரும்ப முளைக்கும் என்றார். முளைத்தது.

எனக்கும் எல்டிஎல் 190ஐத் தொட்டது. சோற்றுக்குத் திரும்பவில்லை. பட்டர் டீயை நிறுத்தினேன், பனீரைக் குறைத்தேன், பாதாம் ஒரு கைப்பிடி. அந்த இடத்தில் மத்தி மீன், கீரை, கொண்டைக்கடலைச் சுண்டல். அடுத்த ரிப்போர்ட்டில் 136. சர்க்கரை ஏறவில்லை.

நெய்ரோஸ்ட்
சுண்டல் சாப்பிட்டால் அது பேலியோவே இல்லை தங்கச்சி.

அடுப்பங்கரை மீனா
சரி அண்ணே, இல்லாமலே போகட்டும். எனக்கு ரிப்போர்ட் நன்றாக இருந்தால் போதும்.

திருப்பூர் பாலு
தேவி மேடம், தைராய்டு நார்மல். முன்பே சொல்லியிருக்க வேண்டும், அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது.

நெய்ரோஸ்ட்
அண்ணே, அப்படியென்றால் இதய ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் கொரோனரி கால்சியம் ஸ்கேன் எடுங்கள். பூஜ்யம் வந்தால் நிம்மதியாகத் தொடரலாம்.

மருந்துக்கடை தேவி
46 வயதில் பூஜ்யம் வந்தால் கால்சியம் படியவில்லை என்றுதான் அர்த்தம். படியும் முன்பே மெத்தென்று இருக்கும் கொழுப்புப் படிவு அந்த ஸ்கேனில் தெரியாது. அப்பா கதையை டாக்டரிடம் சொல்லுங்கள் பாலு சார். இவ்வளவு குடும்ப வரலாறோடு 233ஐச் சும்மா விடுவது சரியில்லை. மீனா சொன்ன மாதிரி தட்டை மாற்றுங்கள், மாத்திரையை டாக்டர் சொன்னபடி எடுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள்.

புதுமுகம்77
நானும் நாளையே பேலியோ ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். டாபாக்ளிஃப்லோசின், கிளிமிபிரைடு என்று இரண்டு சர்க்கரை மாத்திரை போடுகிறேன். மாத்திரையோடு சேர்த்து ஆரம்பிக்கலாமா?

மருந்துக்கடை தேவி
நாளைக்கு வேண்டாம். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று கீழே போய் மயக்கம் வரும். டாபாக்ளிஃப்லோசினில் வேறு சிக்கல். மாவுச்சத்து அடியோடு நின்றால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும், அப்போதும் மீட்டரில் சர்க்கரை ஓரளவு சரியாகவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்று ஐசியூ வரை போனவர்கள் உண்டு. முதலில் டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் சாப்பாட்டை மாற்றுங்கள்.

நெய்ரோஸ்ட்
இதில் தேவி மேடம் சொல்வதை அப்படியே கேளுங்கள் சகோ. எங்கள் குழுவிலும் மருந்துப் பட்டியலை வாங்கிப் பார்க்காமல் யாருக்கும் டயட் சார்ட் கொடுப்பதில்லை. பிரஷர் மாத்திரையும் போடுகிறீர்களா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்தில் உப்பும் நீரும் நிறைய வெளியே போகும், எழுந்து நின்றால் தலை சுற்றும்.