ஜெயிலிலிருந்து வரும் தம்பி மறுபடி அதே வழிக்குப் போவானா?

திருமங்கலத்து அக்கா:
கஞ்சா விற்ற வழக்கில் ஒன்றரை வருஷம் உள்ளே இருந்த தம்பி அடுத்த வாரம் வெளியே வருகிறான். இது இரண்டாவது தடவை. பிடிபடுவதற்கு முன் மாத்திரையைக் கரைத்து ஊசியும் போட்டுக்கொண்டிருந்தான். "அவன் பிறவிக் குணமே அப்படி, திருந்த மாட்டான்" என்கிறார் அப்பா. சின்ன வயதிலிருந்தே அவசரக்காரன், எதிலும் நிலைத்து நிற்க மாட்டான், அது உண்மைதான். ஆனால் போன முறை வந்த மூன்றாம் நாளே பழைய கூட்டாளிகள் பைக்கோடு வாசலில் வந்து நின்றதையும் பார்த்தேனே. குணமா, சேர்க்கையா?

மீட்பு ஆலோசகர்:
இரண்டும்தான் அக்கா. மறுபடி குற்றம் செய்ய வைப்பவை எவை என்று ஆராய்ந்த கனடாவின் ஆண்ட்ரூஸ், போண்டா இருவரும் பழைய குற்றங்கள், சிந்தனைப் போக்கு, முன்பின் யோசிக்காத குணம், கூட்டாளிகள் என்று நான்கையும் முன்னால் வைத்தார்கள். அப்பா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் குணத்தை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது, இடத்தை மாற்றலாம். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஊர் திரும்பிய பிறகு கவனித்தார், முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவுதான், அந்த இடமும் அந்த ஆட்களும் அவர்களோடு ஊருக்கு வராதது அதற்கு ஒரு காரணம் என்பார்கள். உங்கள் தம்பி நிலைமை நேர் எதிர், அவன் திரும்பி வருவதே அந்தத் தெருவுக்குத்தான். வெளியூரில் உறவுக்காரர் வீடு இருந்தால் நேராக அங்கே கூட்டிப் போங்கள்.

லேத் பட்டறை:
நானும் உள்ளே இருந்து வந்தவன், ஏழு வருஷம் ஆச்சு. பகல் எப்படியோ போய்விடும் அக்கா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கை காலெல்லாம் பதறும், போவதற்கு இடம் இருக்காது, வேலை கேட்டால் "இத்தனை நாள் எங்கே இருந்தே" என்பார்கள், அப்போது பேச ஆள் என்று வருவது பழைய ஆட்கள் மட்டும்தான். ஒரு பட்டறை முதலாளி எதையும் கேட்காமல் சேர்த்துக்கொண்டு இரவு எட்டு வரை வேலை கொடுத்தார், அதனால் பிழைத்தேன். முதல் நாளே சிம் கார்டை மாற்றுங்கள்.

செவிலியர்:
ஊசி என்று சொன்னதால் எழுதுகிறேன். இத்தனை நாள் போடாமல் இருந்திருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றிய 2007 ஆய்வில், முதல் 2 வாரத்தில் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 12.7 மடங்கு, முதல் காரணம் அளவு மீறிய போதை. அந்த இரண்டு வாரம் அவனைத் தனியே விடாதீர்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள்.

திருமங்கலத்து அக்கா:
ஓசூரில் சித்தப்பா இருக்கிறார், இன்றைக்கே பேசுகிறேன். ஜெயில் வாசலிலிருந்து கூட்டிவர அப்பாவும் வர வேண்டும் என்று கேட்கப் போகிறேன், போன தடவை நான் மட்டும்தான் போயிருந்தேன்.