புதுப்பிப்பு: அடித்தளத் தரைச் சூடேற்றம், குழாய் பதித்தாயிற்று

வீட்டு அடித்தள அறையின் தரையைச் சூடாக்க மின்கம்பிப் பாயா, வெந்நீர்க் குழாயா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி வெந்நீர்க் குழாய்தான் போட்டோம்.

பழைய தரைமேல் ஈரத்தடுப்பு விரிப்பு, அதன்மேல் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (சூட்டைக் கீழே விடாத கெட்டி நுரைப் பலகை). சுவரோரம் நெடுகிலும் அதே பலகையைப் பட்டையாக வெட்டி நிறுத்தினோம். இல்லாவிட்டால் சூடு பக்கவாட்டில் கசிந்துவிடும். பலகைக்கே இவ்வளவு செலவா என்று வீட்டில் முணுமுணுப்பு. காப்பில்லாமல் குழாய் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

குழாய், அரை அங்குல பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக் குழாய்), காற்றின் ஆக்ஸிஜன் தண்ணீருக்குள் புகாதபடி தடுப்புள்ளது. ஒவ்வொரு சுற்றும் 90 மீட்டருக்குள். நீளம் கூடினால் பம்புக்குச் சுமை, கடைசிப் பக்கம் தண்ணீரும் ஆறிப்போகும். குழாய்மேல் கான்கிரீட் ஊற்றும்போதும் அதில் அழுத்தம் ஏற்றியே வைத்திருந்தோம். எங்காவது ஓட்டை விழுந்தால் அழுத்தமானி உடனே காட்டிக்கொடுக்கும்.

உடனே சூடேற்றலாமே என்றவருக்கு: கூடாது. 28 நாள் கான்கிரீட் இறுகவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இப்போது தண்ணீர் 38 டிகிரி. தரை 29 டிகிரியைத் தாண்டவில்லை, தாண்டினால் வெறுங்காலுக்கு ஆகாது. இரவில் குறைத்துக் காலையில் கூட்டுவதெல்லாம் இதற்குச் சரிவராது. தரை சூடாகவே பல மணி நேரம் பிடிக்கிறது.

அடுத்து டைல்ஸ். கம்பளம் சூட்டை மேலே வரவிடாது என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டாச்சு.